ஒரே ஆற்றுத் தண்ணீர், இரண்டு ஊர்: ஹாம்பர்க் 1892



போன வாரம் நம் குடும்பக் குழுவில் நடந்த தண்ணீர்ச் சண்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று ஒரு கட்சி. ஆர்ஓ மெஷின் இல்லாமல் எப்படி என்று ஒரு கட்சி. கேன் தண்ணீரே உத்தமம் என்று மருமகன் ஒருவர். நான் வாயைத் திறக்கவில்லை. சரித்திர வாத்தியாருக்குச் சொல்ல ஒரு கதை உண்டு, ஆனால் அதை மூன்று வரியில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

நகரம், குடிநீர், காலரா என்று பேச்செடுத்தாலே எல்லோரும் லண்டனுக்குத்தான் போவார்கள். 1854, டாக்டர் ஜான் ஸ்னோ, பிராட் தெருவின் அடிபம்பு, அதன் கைப்பிடியைக் கழற்றியது. நல்ல கதை. என் வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஸ்னோ செய்ததிலே பெரிய காரியம் அந்தப் பம்பு அல்ல. அவர் போட்ட இன்னொரு கணக்கு. தெற்கு லண்டனில் ஒரே தெருவில், பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்தன. ஒரு கம்பெனி நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்தில் தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுத்தது. இன்னொன்று 1852-இல் தன் நீரேற்று நிலையத்தை ஆற்றின் மேல்பக்கம், சாக்கடை சேராத இடத்துக்கு மாற்றிக்கொண்டது. முதல் கம்பெனியின் வாடிக்கையாளர்களில் 10,000 வீடுகளுக்கு 315 சாவு. இரண்டாவது கம்பெனிக்கு 37. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அன்றைய பெரிய மனிதர்கள் நம்பவில்லை. நோய் கெட்ட காற்றில் வருகிறது, நாற்றத்தில் வருகிறது என்பதே அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையால்தான் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு லண்டனின் கழிவுக் குழிகளையெல்லாம் கழுவித் தேம்ஸில் தள்ளினார்கள். வீட்டு நாற்றம் போனது, குடிக்கிற ஆறு கெட்டது. 1849 காலராவில் அந்த நகரத்தில் மட்டும் 14,000 பேருக்கு மேல் செத்தார்கள்.

லண்டன்காரர்களை ஓரளவு மன்னிக்கலாம். கிருமி என்று ஒன்று உண்டு என்பதே அப்போது ஊரறிந்த விஷயம் இல்லை. நான் இன்று சொல்லப்போகும் ஊருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அங்கே பணம் இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள், விஞ்ஞானம் இருந்தது. சரியாகச் செய்துகாட்டிய பக்கத்து ஊரும் இருந்தது. தெருவைத் தாண்டினால் அந்த ஊர்.

ஹாம்பர்க். ஜெர்மனியின் பெரிய துறைமுகம், எல்பே ஆற்றின் கரையில். ஜெர்மன் பேரரசுக்குள் இருந்தாலும் தன் உள்விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நகர அரசு. அதை ஆண்டது வியாபாரிகள். நகர மன்றத்தில் 160 இடம். அதில் பாதிக்குத்தான் பொதுத்தேர்தல், மற்றப் பாதி வீட்டு உடைமையாளர்களுக்கும் ஊர்ப் பிரமுகர்களுக்கும். அந்தப் பொதுத்தேர்தலிலும் கட்டணம் கட்டிக் குடியுரிமை வாங்கியவருக்குத்தான் வாக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனுக்கு அங்கே குரல் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1842 மே மாதம் அந்த ஊரில் பெரிய தீ. நகரத்தின் நடுப்பகுதி எரிந்துபோனது. அப்போது அங்கே ரயில் பாதை போட வந்திருந்த ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் லிண்ட்லியிடம் ஊரைத் திரும்பக் கட்டும் திட்டத்தைக் கேட்டார்கள். எரிந்துபோன நிலம் காலியாகக் கிடந்ததால் அவருக்கு வசதி. செங்கல்லால் கட்டிய பாதாளச் சாக்கடை, அதைக் கழுவிவிட அல்ஸ்டர் ஏரித் தண்ணீர், எல்லாம் முறையாகச் செய்தார். ஐரோப்பாக் கண்டத்திலேயே முறையான முதல் பாதாளச் சாக்கடை அதுதான் என்று புத்தகங்கள் கொண்டாடும். 1848-இல் ரோத்தன்பர்க்ஸோர்ட் என்ற இடத்தில் நீரேற்று நிலையமும் வந்தது. எல்பே ஆற்றிலிருந்து எடுத்து, குளத்தில் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, குழாயில் வீடுகளுக்கு.

வடிகட்டி கிடையாது.

நீரேற்று நிலையம் ஊருக்கு மேல்பக்கம். சாக்கடை ஆற்றில் விழுவது கீழ்ப்பக்கம். காகிதத்தில் பார்த்தால் சரிதான். ஆனால் ஓதம் என்று பூகோளப் பாடத்தில் படித்தீர்களே, அதை இங்கே கொண்டுவாருங்கள். ஹாம்பர்க் கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் வடகடலின் ஓதம் எல்பே ஆற்றில் அதுவரை ஏறும். தினம் இரண்டு முறை ஆறு பின்னோக்கி ஓடும். கீழே விட்ட சாக்கடை மேலே வரும். ஆற்றில் வெள்ளம் நிறைய இருந்தால் தள்ளிவிடும். கோடையில் நீர் வற்றினால் அது வந்து நிற்கும் இடம் குடிநீர் எடுக்கும் வாய்.

குழாயில் என்னவெல்லாம் வந்தது என்பதற்குச் சான்றே இருக்கிறது. கார்ல் கிரேப்பலின் என்ற விலங்கியல் அறிஞர் 1880-களில் ஹாம்பர்க் குடிநீர்க் குழாய்களுக்குள் வாழும் உயிரினங்களை ஆராய்ந்து கட்டுரையே எழுதினார். புழு, நத்தை, சிப்பி, கடற்பஞ்சு வகை, விலாங்கு மீன் என்று பட்டியல் நீளும். குளத்தை ஆராய்வதுபோல ஒரு குழாயை ஆராய்ந்திருக்கிறார்! ஊர்க்காரர்கள் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது பக்கத்து ஊர். அல்டோனா. அது பிரஷ்ய அரசைச் சேர்ந்தது. ஹாம்பர்க்கோடு ஒட்டியே இருக்கும். ஷுல்ட்டர்பிளாட் என்ற தெருவில் ஒரு பக்கம் ஹாம்பர்க், எதிர்ப்பக்கம் அல்டோனா. நம் ஊரில் இரண்டு பஞ்சாயத்துக்கு நடுவே ஒரு சந்து இருக்குமே, அப்படி. அல்டோனாவும் எல்பே ஆற்றிலிருந்துதான் தண்ணீர் எடுத்தது. அதுவும் எங்கிருந்து? ஹாம்பர்க்கின் அத்தனை சாக்கடையும் கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பக்கம் பிளாங்கனேஸ் என்ற இடத்திலிருந்து. ஹாம்பர்க்கைவிட மோசமான தண்ணீர். ஆனால் 1859-லேயே அவர்கள் அதைக் குன்றின்மேல் ஏற்றி, மணல் வடிகட்டியில் விட்டு, அதன் பிறகுதான் ஊருக்குக் கொடுத்தார்கள்.

மணல் வடிகட்டி ஒன்றும் மந்திரம் இல்லை. பெரிய தொட்டி. அடியில் கல், அதன்மேல் சரளை, அதன்மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு நயமான மணல். மேலே தண்ணீரை நிறுத்தி மெல்ல இறங்கவிட வேண்டும். லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்பவர் 1829-லேயே செல்ஸீ கம்பெனிக்கு இதைக் கட்டிவிட்டார். கலங்கலை எடுக்கத்தான் அதைச் செய்தார்கள். கிருமி எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை. சில நாள் ஓடிய பிறகு மணலின் மேல்பரப்பில் வழவழவென்று ஒரு படலம் உண்டாகும். பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த படலம். பார்க்க அருவருப்பாக இருக்கும். உண்மையான வேலையைச் செய்வது அதுதான். கெட்ட கிருமிகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும், தின்றும் விடும். படலம் தடித்துத் தண்ணீர் இறங்காமல் போனால் மேலே ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப் படலம் உண்டாகும்வரை வரும் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டும். இந்தக் கடைசி வரியை அடிக்கோடு இட்டுக்கொள்ளுங்கள்.

ஹாம்பர்க் பொறியாளர்கள் 1870-களிலிருந்தே வடிகட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நகர மன்றத்தில் வாதம் ஓயவில்லை. இவ்வளவு தண்ணீரையும் வடிகட்டச் செலவு அதிகம், முதலில் ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் வைத்து வீணாவதைக் குறைப்போம் என்றது ஒரு பக்கம். மீட்டர் வைத்தால் செலவு எங்கள் தலையில் விழும் என்றார்கள் வீட்டு உடைமையாளர்கள். அவர்களுக்குத்தான் மன்றத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறதே. இப்படியே ஆண்டுகள் போயின. 1890 வாக்கில் ஒருவழியாக ஒப்புதல் கிடைத்து, கால்ட்டஹோஃப என்ற ஆற்றுத் தீவில் வேலை தொடங்கியது. 1894-இல் முடியும் என்று கணக்கு.

காலரா அதுவரை காத்திருக்கவில்லை.

1892-இல் அது ஆப்கானிஸ்தான், பாரசீகம் வழியாகக் காஸ்பியன் கடலுக்கு வந்து, வோல்கா ஆற்றோடு ரஷ்யா முழுக்கப் பரவியது. ரஷ்யாவில் மட்டும் அந்த ஆண்டு 2 லட்சத்துக்கும் மேல் சாவு. அதே ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஏழைகள், பெரும்பாலும் யூதர்கள், ஆயிரக்கணக்கில் ஹாம்பர்க் துறைமுகத்துக்கு வந்து கப்பலுக்காகக் கொட்டகைகளில் காத்திருந்தார்கள். அந்தக் கொட்டகைகளின் கழிவும் எல்பே ஆற்றுக்குத்தான். ஆகஸ்ட் மாதம் கடும் வெயில். ஆற்றில் நீர் மட்டம் தாழ்ந்துகிடந்தது. மேலே சொன்ன ஓதத்தை இப்போது நினைத்துப்பாருங்கள்.

ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஒரு கட்டடத் தொழிலாளி இறந்தார். சாக்கடை வெளியே வரும் வாயைக் கண்காணிப்பதும் அவர் வேலைகளில் ஒன்று. பார்த்த மருத்துவர் இது ஆசியக் காலரா என்றே சொன்னார். மேலதிகாரிகள் ஏற்கவில்லை, கோடையில் வரும் சாதாரண வயிற்றுப்போக்காக இருக்கலாம், கிருமியை வளர்த்துக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வோம் என்றார்கள். தினம் தினம் நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். காலரா என்று அறிவித்தால் துறைமுகத்தை உலகமே மூடிவிடும். கப்பல் நின்றால் வியாபாரம் நிற்கும். 17-ஆம் தேதி மொராவியா என்ற கப்பல், உடல்நலச் சான்றிதழோடு, புலம்பெயர்ந்தோரை ஏற்றிக்கொண்டு நியூயார்க்குக்குப் புறப்பட்டது. போய்ச் சேர்வதற்குள் 22 பேர் செத்திருந்தார்கள்; பெரும்பாலும் குழந்தைகள். அந்த ஒன்பது பத்து நாள் மௌனத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று ஒரே ஒரு நோட்டீஸ் முதல் வாரத்திலேயே ஒட்டியிருக்கலாம். அதற்கு என்ன செலவு?

ஆகஸ்ட் 24-ஆம் தேதி பெர்லினிலிருந்து ராபர்ட் கோக் வந்து இறங்கினார். (பாடப் புத்தகத்தில் கோச் என்று இருக்கும், அதே ஆள்தான்.) காலராக் கிருமியை முதலில் எகிப்திலும் பிறகு 1884-இல் நம் கல்கத்தாவிலும் தேடிக் கண்டு உறுதிசெய்தவர் அவர். கல்கத்தாவில் ஒரு குளத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அதிலேயே குளித்து, துவைத்து, குடித்து நோயில் விழுந்தபோது அந்தக் குளத்துத் தண்ணீரிலேயே கிருமியை எடுத்துக் காட்டினார். அப்படிப்பட்டவர் ஹாம்பர்க்கின் சந்துக் குடியிருப்புகளைப் பார்த்துவிட்டு, நான் ஐரோப்பாவில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது என்று சொன்னாராம். அந்தச் சொல் செய்தித்தாள்களில் வந்து ஊரே கூசியது. நம்மையும் சேர்த்துக் குத்துகிற பேச்சுதான் அது, கவனித்தீர்களா? இருக்கட்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்ட விரும்பவில்லை. தினம் நூற்றுக்கணக்கில் சாவு. பிணம் எடுக்க வண்டி போதவில்லை. பள்ளிகள் மூடல். தெருத் தெருவாகக் காய்ச்சிய தண்ணீரை வண்டியில் வைத்துக் கொடுத்தார்கள். எச்சரிக்கைத் துண்டுத்தாள்களை வீடு வீடாகக் கொண்டுசெல்ல அரசிடம் ஆள் இல்லை. இரண்டு ஆண்டு முன்பு வரை தடைசெய்து வைத்திருந்த சோஷியல் டெமாக்ரட் கட்சித் தொண்டர்களைக் கூப்பிட்டுத்தான் அதைச் செய்தார்கள். ஏழைப் பேட்டைகளுக்குள் வழி தெரிந்தவர்கள் அவர்கள்தானே. பணக்கார வீடுகளில் சாவு குறைவு. அவர்களுக்கும் அதே குழாய்த் தண்ணீர்தான்; ஆனால் காய்ச்சிக் கொடுக்க அடுப்பும் எரிபொருளும் வேலைக்காரியும் இருந்தார்கள். கூலிக்காரன் ஆற்றோரத்தில் கையால் அள்ளிக் குடித்தான். சில வாரங்களில் சுமார் 17,000 பேருக்கு நோய், 8,600 பேருக்கு மேல் சாவு. ஊரின் மக்கள்தொகை 6 லட்சத்துச் சொச்சம்.

நம் தென்பக்கத்தில் பாட்டிமார் கோபம் வந்தால் "பேதியிலே போவே" என்று திட்டுவார்கள். சின்ன வயதில் அது எனக்குச் சிரிப்பாக இருக்கும். காலையில் நன்றாக இருந்தவன் மாலையில் உடம்பு நீரெல்லாம் வற்றிச் சுருங்கிப் போய்விடுவதைக் கண்ணால் பார்த்த தலைமுறையின் வசவு அது.

அல்டோனாவில்? 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். அங்கே இறந்தவர்கள் சில நூறு பேர் மட்டுமே. அவர்களிலும் பலர் ஹாம்பர்க்குக்கு வேலைக்குப் போய் நோயை வாங்கி வந்தவர்கள். எல்லைத் தெருவில் ஹாம்பர்க் பக்கத்து வீடுகளில் சாவு, அல்டோனா பக்கத்து வீடுகளில் இல்லை. அதே மண், அதே காற்று, அதே மழை, அதே ஏழ்மை. கோக் இதை ஒரு பரிசோதனைச்சாலை என்றே பார்த்தார். இன்னும் விசேஷம், அந்தத் தெருவில் ஹாம்பர்க்குக்குச் சொந்தமான ஒரு குடியிருப்பு வளாகம்; முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். குழாய் இணைப்பு வசதியை முன்னிட்டு அவர்களுக்கு மட்டும் அல்டோனாத் தண்ணீர் வந்தது. சுற்றிலும் ஹாம்பர்க்கில் ஜனங்கள் விழுந்துகொண்டிருக்க, அந்த வளாகத்தில் காலராவே இல்லை. கணக்கு வாத்தியார் போட்டாலும் இதைவிடத் தெளிவாக ஒரு கணக்குப் போட முடியாது.

இதையும் நம்பாத ஒருவர் இருந்தார். மியூனிக்கின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். சாதாரண ஆள் இல்லை. பொதுச் சுகாதாரம் என்ற துறையையே ஜெர்மனியில் நிறுவியவர். மண்ணின் தன்மையும் நிலத்தடி நீர் மட்டமும்தான் காலராவைத் தீர்மானிக்கின்றன, கிருமி மட்டும் போதாது என்பது அவர் கொள்கை. ஹாம்பர்க் அதிகாரிகள் பலரும் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். அது அவர்களுக்கு வசதியும்கூட. துறைமுகத்தை மூட வேண்டாம், வடிகட்டிக்கு அவசரம் இல்லை. 1892 அக்டோபர் 7-ஆம் தேதி, 73 வயதில், அவர் காலராக் கிருமி வளர்த்த திரவத்தை எல்லோர் அறியவும் குடித்தார். லேசான வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். அவர் மாணவர் ஒருவரும் குடித்தார்; கொஞ்சம் அதிகமாகப் படுத்தியது, பிழைத்துக்கொண்டார். பார்த்தீர்களா என்றார் பெட்டன்கோஃபர். யாரும் மனம் மாறவில்லை. 1901-இல் அவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

அவரைக் கோமாளியாகக் காட்டுகிற கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் சொன்ன காரணம் தவறு. அவர் செய்வித்த வேலை சரி. மியூனிக்குக்குப் பாதாளச் சாக்கடை கொண்டுவரப் போராடியவர் அவர். 1883-இலிருந்து மாங்ஃபால் பள்ளத்தாக்கின் ஊற்றுநீர் அந்த ஊருக்கு வந்தது. அதனால் டைபாய்டு அங்கே அடங்கியது. ஹாம்பர்க்காரர்கள் அவருடைய கொள்கையில் தங்களுக்குச் செலவில்லாத பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கால்ட்டஹோஃப வடிகட்டி வேலையை இப்போது இரவு பகலாக நடத்தினார்கள். 1894-இல் முடிய வேண்டியது 1893 மே மாதமே தண்ணீர் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இருபது ஆண்டு பேசிய காரியம் பயம் வந்ததும் சில மாதத்தில் முடிந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் மணல் போட்டால் மோட்சம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அந்தக் குளிர்காலத்தில், 1893 தொடக்கத்தில், காலரா வந்த ஊர் எது தெரியுமா? அல்டோனா. வடிகட்டி வைத்திருந்த, தப்பித்த, பெருமைப்பட்டுக்கொண்ட அதே அல்டோனா. பெரிய அளவில் இல்லை, ஆனால் ஊரில் அங்கங்கே நோயாளிகள். கோக் மறுபடி வந்தார். இந்தத் தடவை அவர் கையில் ஒரு நல்ல கருவி: ஜெலட்டின் தட்டில் தண்ணீரைக் கலந்து வைத்து, முளைக்கும் கிருமிக் கூட்டங்களை எண்ணும் முறை. அவரே பத்தாண்டு முன்பு கண்டுபிடித்தது. அல்டோனாவில் தண்ணீரை இப்படி எண்ணிக் குறித்து வைத்திருந்தார்கள். நோய் வருவதற்குச் சில வாரம் முன்பு அந்த எண்ணிக்கை திடீரென்று ஏறியிருந்தது. ஏன் என்று தோண்டினார். கடும் பனியில் ஒரு வடிகட்டியைச் சுத்தம் செய்யத் தண்ணீரை வடித்திருக்கிறார்கள். திறந்த வெளியில் மணல் பரப்பு உறைந்துவிட்டது. அதன்மேல் தண்ணீரை விட்டு ஓட்டினால் படலம் எங்கே உண்டாகும்? ஒழுங்காக வடியாத தண்ணீர் மற்றத் தொட்டிகளின் நல்ல தண்ணீரோடு கலந்து ஊருக்குப் போய்விட்டது. பல தொட்டி சரியாக ஓடியும் ஒரு தொட்டி போதும்.

அதே மாதங்களில் ஹாலே ஊருக்கு அருகில் நீட்லேபன் மனநல விடுதியிலும் இதே கதை. விடுதியின் கழிவு வயலில் பாய்ந்து ஆற்றுக்குப் போனது. குடிநீர் அதே ஆற்றின் கீழ்ப்பக்கம். நடுவில் சரியாகப் பராமரிக்காத மணல் வடிகட்டி. தன் கழிவைத் தானே குடித்த கட்டடம்.

இதிலிருந்து கோக் எழுதிய விதிகள்தான் பிறகு ஜெர்மனி முழுவதற்கும் அளவுகோல் ஆயின. மணலில் தண்ணீர் மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. வடித்த தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 கிருமிக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாத் தொட்டியும் கலந்த பிறகு எடுக்கும் மாதிரி உதவாது. ஒவ்வொரு தொட்டியிலும் தனித்தனியாகத் தினம் எடுக்க வேண்டும். எந்தத் தொட்டி தவறுகிறதோ அதை உடனே அடைத்து, அதன் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டும். கட்டடத்தைவிட இந்தத் தினசரி நோட்டுப் புத்தகம்தான் ஊரைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் தினம் எடுத்த ஆள் நான். அதனால்கூட அப்படித் தோன்றலாம்.

ஹாம்பர்க்கில் அதன்பிறகு பலதும் மாறின. சுகாதார ஆராய்ச்சி நிலையம் வந்தது. காலரா ஊரின் குப்பை எங்களுக்கு வேண்டாம் என்று சுற்றுவட்டாரத்து விவசாயிகள் மறுத்ததால், குப்பையை எரிக்கும் ஆலை ஒன்றை ஜெர்மனியிலேயே முதலில் கட்டினார்கள். சந்துக் குடியிருப்புகளை இடித்தார்கள். அங்கிருந்த ஏழைகள் எங்கே போனார்கள் என்பது தனிக்கதை. 1896-இல் குடியுரிமைக் கட்டணத் தடை தளர்ந்து இன்னும் பலருக்கு வாக்கு வந்தது. அல்டோனா 1937 சட்டத்தால் ஹாம்பர்க்கோடு சேர்ந்துவிட்டது. கால்ட்டஹோஃப 1990 வரை ஓடியது, இப்போது அருங்காட்சியகம்.

நம் ஊருக்கும் வந்துவிட்டுப் போகிறேன். சென்னையில் 1772-இல் கேப்டன் பேக்கர் ஏற்பாட்டில் ஏழு கிணறு நீர்நிலையம், கோட்டைக்குத்தான் முதலில். நகரத்துக்குப் பொதுக் குழாய்த் தண்ணீர் 1872-இல், செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கம் வரை வந்து, அங்கிருந்து இரும்புக் குழாயில். வடிகட்டாத தண்ணீர். மேடலி என்ற பொறியாளர் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளைக் கட்டி, வாய்க்காலுக்குப் பதில் மூடிய கால்வாய் போட்டு முடித்தது 1914-இல். நடுவில் 42 ஆண்டு. ஹாம்பர்க்கில் 1848-க்கும் 1893-க்கும் நடுவில் 45 ஆண்டு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

வடிகட்டி, குளோரின் எல்லாம் சரியாக இருந்தும் வீட்டுக் குழாயில் கெட்ட தண்ணீர் வருவதற்கு இன்னொரு வழி உண்டு. நம் ஊர்களில் அதுதான் அதிகம். குழாயில் எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நின்றால், விரிசல் இருந்தாலும் உள்ளிருந்து வெளியேதான் கசியும். தண்ணீரை இரண்டு மணி நேரம் விட்டு நிறுத்தும்போது குழாய் காலியாகி உறிஞ்ச ஆரம்பிக்கும். பக்கத்தில் உடைந்த சாக்கடைக் குழாய் இருந்தால் அதிலிருந்து உறிஞ்சும். அதில் மோட்டார் வைத்து இழுக்கிறவர்கள் இன்னும் பலமாக உறிஞ்சுகிறார்கள், தங்களுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே. குடிநீர்க் குழாயைச் சாக்கடைக் குழாயைவிட மேலே, தள்ளிப் போட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். தண்ணீர் திறந்ததும் முதல் சில நிமிடம் கலங்கலாக வருவதைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் நாற்றம் வந்தால் காய்ச்சுவதோடு நிறுத்தாமல் வார்டு அலுவலகத்துக்குப் புகாரும் கொடுங்கள்.

குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கிற நம் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். கீழ்ப்பாக்கத்தின் பழைய மணல் தொட்டிகளில் வேலை செய்த பெரியவர்கள் யாரையாவது தெரிந்திருந்தால் சொல்லுங்கள். மணல் சுரண்டுவதை எப்படிச் செய்தார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்க ஆசை. அடுத்த மாதம் சிகாகோ. சாக்கடை ஏரிக்குப் போகக் கூடாது என்று 1900-இல் ஆற்றையே எதிர்த்திசையில் திருப்பிவிட்ட ஊர்.